டர்போ ஹேட்ச்பேக்கில் எக்ஸாஸ்ட் மாற்றுவது எப்படி: வாலிலிருந்து தொடங்குங்கள்

சின்ன டர்போ வண்டி வாங்கியவர்களுக்கு டயர், அலாய் வீலுக்கு அடுத்தபடியாகக் கை அரிக்கிற இடம் சைலன்சர்தான். நம்மூரில் இந்த ஆசை பெரும்பாலும் இரண்டு வண்டிகளைச் சுற்றியே வருகிறது. ஒன்று, 2013 முதல் 2020 வரை விற்ற ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 105 பி.எஸ். இன்னொன்று, 2021-ல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன். 1 லிட்டர், மூன்று சிலிண்டர், 120 பி.எஸ். ஃபோக்ஸ்வாகனின் இன்னும் வேகமான ஜிடிஐ மாடல்களை வைத்திருப்பவர்கள் தனி ரகம். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. கீழே சொல்வதெல்லாம் இந்த மாதிரி வண்டியில் முதல் தடவையாகக் கை வைக்கப் போகிறவருக்கு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோட்டில் ஓடுகிற வண்டியில், புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பதை மட்டும் தொடுங்கள். அதையும் பவருக்காக இல்லை, சத்தத்துக்காக என்று தெரிந்தே தொடுங்கள்.

அடியில் என்ன இருக்கிறது

லிஃப்டில் ஏற்றிய வண்டிக்குக் கீழே நின்று முன்னாலிருந்து பின்னால் பார்த்துக்கொண்டே வாருங்கள். இன்ஜினிலிருந்து புகை நேராக டர்போவுக்குள் போகிறது. அதற்குள் காற்றாடி மாதிரி இருக்கும் டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியே வருகிற இடத்தில் தொடங்கும் குழாய்தான் டவுன்பைப். கன்வெர்ட்டர் அதிலேயே, டர்போவை ஒட்டி உட்கார்ந்திருக்கும். சூடு சீக்கிரம் ஏறினால்தான் அது வேலை செய்யும். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சர், பின்னால் ஒன்று. அடுத்து, இன்ஜின் ஆடும்போது குழாய் உடையாமல் இருக்க, பின்னல் போட்ட ஃப்ளெக்ஸ் பைப். அதற்குப் பிறகு நீளமான நடுக்குழாய், அதில் குறிப்பிட்ட சுருதிகளை அடக்கும் ரெசொனேட்டர் என்ற டப்பா, கடைசியில் நாம் சைலன்சர் என்கிற பெரிய மஃப்ளர், பம்பருக்கு வெளியே எட்டிப் பார்க்கும் டிப்.

கடையில் மூன்று விதமாக விற்பார்கள். கடைசி மஃப்ளரை மட்டும் மாற்றுவது ஆக்ஸில்-பேக். கன்வெர்ட்டருக்குப் பின்னால் முழுவதையும் மாற்றுவது கேட்-பேக். மூன்றாவது டவுன்பைப். விலையும் வில்லங்கமும் இதே வரிசையில் ஏறும்.

பவர் எங்கே ஒளிந்திருக்கிறது

‘கொஞ்சம் பேக் பிரஷர் (புகைக்கு எதிர் அழுத்தம்) இருந்தால்தான் இழுவை வரும்’ என்று மெக்கானிக் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். டர்போ இல்லாத இன்ஜினில் குழாயின் நீளமும் அகலமும் சேர்ந்து புகையை உறிஞ்சி இழுக்கிற கணக்கு ஒன்று உண்டு. அதைத்தான் அரைகுறையாக அப்படிச் சொல்கிறார்கள். டர்போ வண்டியில் டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

காரணம் இது. டர்பைனைச் சுழற்றுவது அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தின் விகிதம். அந்த விகிதம் 2 என்று வையுங்கள். பின்னால் 0.1 பார் குறைத்தால், அதே வேலையைச் செய்ய முன்னால் சுமார் 0.2 பார் குறைவாக இருந்தாலே போதும். இன்ஜின் புகையைத் தள்ளச் செலவழிக்கிற சக்தி அந்த அளவுக்கு மிச்சம். அதனால் டர்போவுக்குப் பக்கத்தில், அதாவது டவுன்பைப்பிலும் கன்வெர்ட்டரிலும், அடைப்பைக் குறைத்தால் பலன் தெரியும். வால்பக்கம் அவ்வளவு அடைப்பே இல்லை. 120 பி.எஸ். இன்ஜினுக்குக் கம்பெனிக்காரன் போட்ட நடுக்குழாய் பெரும்பாலும் தாராளம்.

இன்னொரு விஷயம், இந்த வண்டிகளின் ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், டார்க் (சுழற்று விசை) இலக்கு வைத்து ஓடுகிறது. 172 நியூட்டன் மீட்டர் போதும் என்று எழுதியிருந்தால், குழாயை எவ்வளவு திறந்துவிட்டாலும் ஈசியூ, புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவைத் திறந்து, டர்போ திணிக்கிற காற்றழுத்தமான பூஸ்ட்டை அதே அளவில்தான் நிறுத்தும். டர்போ கொஞ்சம் சீக்கிரம் எழும். மேல் ஆர்பிஎம்மில் கொஞ்சம் மூச்சு வாங்காமல் ஓடும். அவ்வளவுதான். கேட்-பேக் மாட்டியவுடன் ‘பிக்அப் பிச்சுக்கிச்சு’ என்று சொல்பவருக்குச் சத்தம் வேகமாகத் தெரிகிறது. அதுவும் ஒரு சந்தோஷம்தான், தப்பில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சட்டத்தை முதலில் படியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறும்படி திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று 182ஏ பிரிவு சொல்கிறது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். சத்தம், புகை வரம்பை மீறினால் 190(2) பிரிவில் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்பு. புல்லட்காரர்களின் சைலன்சரை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றுகிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். காருக்கு அந்தக் காட்சி அரிது, சட்டம் ஒன்றுதான்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் மூன்று விஷயம். ரோட்டு வண்டியில் கன்வெர்ட்டரைக் கழற்றுவது பேச்சுக்கே இடமில்லை. வாரன்டி இருக்கிற வண்டியில், எக்ஸாஸ்ட்டோடு சம்பந்தப்பட்ட எந்தப் பழுதுக்கும் ஷோரூம் கையை விரிக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில்தான் எழுந்து வந்து நிற்கும். எனவே சத்தமான செட்டப் வேண்டும் என்றால் அதை ரேஸ் டிராக்குக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருங்காட்டுக்கோட்டையில், எம்எம்ஆர்டி என்று பழகிப்போன மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் இருக்கிறது, கோவை செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. ஐ20 பிறக்கிற ஆலையே இருங்காட்டுக்கோட்டையில்தான் என்பது வேறு கதை. ரோட்டில் தினமும் ஓட்டுகிற வண்டிக்கு, கம்பெனி சைலன்சர் போடுகிற சத்தத்துக்குள்ளேயே நிற்கிற வேலையை மட்டும் கேளுங்கள்.

குழாய் அளவு, அந்த ‘ம்ம்ம்’ சத்தம்

புதியவர்கள் காசைத் தொலைக்கும் இடம் இது. பெரிய குழாய் நல்ல குழாய் என்று நினைத்து 3 அங்குலம் கேட்பார்கள். 2 அங்குலத்திலிருந்து 3-க்குப் போனால் குறுக்குப் பரப்பு இரண்டே கால் மடங்கு ஆகிறது. 2 லிட்டர் கோல்ஃப் ஜிடிஐ மாதிரி வண்டிகளுக்குத்தான் 3 அங்குலம், அதாவது 76 மி.மீ., போடுவார்கள். 105 முதல் 120 பி.எஸ். வரையுள்ள இன்ஜினுக்கு 2 அங்குலம் போதும். பின்னாளில் ஈசியூவின் புரோகிராமை மாற்றி ரீமேப் போடும் எண்ணம் இருந்தால் 2¼ அங்குலம், 57 மி.மீ. அதற்கு மேல் போனால் பவர் கூடாது, கேபினுக்குள் சத்தம் மட்டும் கூடும்.

எந்தச் சத்தம்? முடுக்கும்போது வருகிற கர்ஜனை இல்லை. அது எல்லோருக்கும் பிடிக்கும். ஜிஎஸ்டி ரோட்டில் டாப் கியரில் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் அமைதியாகப் போகும்போது காதுக்குள் ஒரே சுருதியில் இழுக்குமே, ஆர்வலர்கள் ட்ரோன் என்பார்கள், அது. சென்னையில் ஏறி விழுப்புரம் வருவதற்குள் தலைவலி வந்துவிடும். பின்சீட்டில் அப்பா அம்மா இருந்தால் திரும்பி வந்ததும் பழைய சைலன்சரை மாட்டச் சொல்லி உத்தரவு வரும்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 2,500 ஆர்பிஎம்மில் அது நொடிக்கு 83 துடிப்பு. மூன்று சிலிண்டருக்கு ஒரு சுற்றுக்கு ஒன்றரை. 62 அல்லது 63 துடிப்பு. இந்தத் தாழ்ந்த சுருதியில்தான் ஹேட்ச்பேக்கின் பெட்டி மாதிரியான கேபின் சேர்ந்து முழங்கும். இதை அடக்க மூடிய முனை கொண்ட கிளைக்குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் ஒட்டுவது வெளிநாட்டில் பிரபலம். போகிற அலை முட்டித் திரும்பி வந்து அடுத்த அலையை எதிர்த்து அடிக்கும் யோசனை. நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். சூடான புகையில் ஒலி நொடிக்கு சுமார் 480 மீட்டர் போகும் என்று வைத்தால், நான்கு சிலிண்டருக்கு 1.4 மீட்டர், மூன்று சிலிண்டருக்கு 1.9 மீட்டர். ஐ20-க்கு அடியில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கூடுதல் குழாயை எங்கே சுருட்டி வைப்பது? ஸ்டெப்னி குழிக்கும் டேங்குக்கும் நடுவே இடமே கிடையாது.

அதனால் மூன்று சிலிண்டர் வண்டிக்கு என் யோசனை எளிது: ரெசொனேட்டரைக் கழற்றாதீர்கள். கம்பெனி மஃப்ளரைத் தூக்கிவிட்டு வெறும் குழாய் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். கடைசி மஃப்ளரை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதும் பெரிய வயிறு உள்ளதாக இருக்கட்டும். நான்கு சிலிண்டர் போலோவில் கொஞ்சம் சுதந்திரம் உண்டு, நடுக்குழாயோடு முழு கேட்-பேக் போட்டாலும் ரெசொனேட்டர் இருந்தால் சமாளிக்கலாம். வாங்குவதற்கு முன் அதே செட்டப் போட்ட அதே மாடல் வண்டியில் கட்டாயம் உட்கார்ந்து பாருங்கள். பின்சீட்டில் உட்காருங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு டாப் கியரில் போகச் சொல்லுங்கள். யூடியூப் வீடியோவில் டிப்புக்குப் பக்கத்தில் வைத்த மைக் இதைக் காட்டாது.

உலோகமும் பட்டறையும்

ரெடிமேட் கிட் கிடைத்தால் தலைவலி குறைவு. இல்லையென்றால் பட்டறையில் செய்ய வேண்டியதுதான். கோவையிலும் சென்னையிலும் கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே போய்க் கேட்க வேண்டிய கேள்விகள்தான் முக்கியம்.

முதல் கேள்வி: எந்த ஸ்டீல்? கம்பெனி எக்ஸாஸ்ட்டில் பெரும்பாலும் 409 கிரேடு இருக்கும். காந்தம் ஒட்டும், மேலே பழுப்பு ஏறும், ஆனாலும் வருஷக்கணக்கில் தாங்கும். நீங்கள் கேட்க வேண்டியது 304. கடலோர ஊரில் உப்புக் காற்றுக்கு அதுதான் நிற்கும். பிரச்சினை என்னவென்றால், மாடிப்படிக் கைப்பிடிக்கும் வாசல் கேட்டுக்கும் போடுகிற 202 ரகமும் பளபளவென்றுதான் இருக்கும். அதிலும் காந்தம் ஒட்டாது. காந்தத்தை வைத்துப் பார்த்து ‘ஒரிஜினல் 304 சார்’ என்று காட்டினால் அது எதையும் நிரூபிக்கவில்லை. இரண்டையும் பிரித்துக் காட்ட சொட்டு மருந்து மாதிரி ரசாயனச் சோதனை கிட் வரும். பட்டறையில் அது இல்லையென்றால் குழாய் மேல் அச்சடித்த கிரேடைப் பாருங்கள், ஸ்டீல் கடை பில்லைக் கேளுங்கள்.

இரண்டாவது, வளைவு. மாண்ட்ரெல் பெண்டு என்றால் வளைகிற இடத்திலும் குழாய் வட்டமாகவே இருக்கும். சாதாரண வளைவு மெஷினில் உள்பக்கம் நசுங்கிச் சுருங்கும், 57 மி.மீ. என்று காசு கொடுத்துவிட்டு நான்கு இடத்தில் 48 வாங்கி வருவானேன்?

மூன்றாவது வெல்டிங். டிக் வெல்டிங் என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ‘அண்ணே, உள்ளேயும் ஆர்கான் விட்டுத்தானே அடிப்பீங்க?’ என்று கேளுங்கள். வெளியே அழகாகத் தெரிகிற வெல்டுக்கு உள்பக்கம் காற்று பட்டால் கருப்பாகச் சர்க்கரை பாகு கட்டிய மாதிரி முண்டு முண்டாக வரும். விரிசல் அங்கேதான் தொடங்கும். முடித்த துண்டின் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் கை நல்ல கை.

வண்டியிலேயே வைத்து வெல்டு அடிக்க நேர்ந்தால் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள்; எர்த் கிளாம்பை அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். முடிந்தவரை கீழே இறக்கி அடிப்பதே நல்லது.

மாட்டுகிற நாள்

வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஓட்டி வந்த உடனே கை வைத்தால் தோல் போகும். முந்தின நாள் ராத்திரியே நட், போல்ட்டுகளில் துரு இளக்கி ஸ்பிரே அடித்து வைத்தால் காலையில் பாதி வேலை முடிந்த மாதிரி. வேலை தொடங்கும் முன் ஸ்கேனர் போட்டு ஏற்கெனவே ஏதாவது எரர் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வருகிற கோடு பழசா புதுசா என்ற சண்டை வராது. வீட்டில் செய்கிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு வேண்டும், சமதளம் வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும்.

சைலன்சரைத் தூக்கிப் பிடித்திருக்கும் ரப்பர்களில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். கம்பி விட்டு நெம்பினால் கிழியும். வெடிப்பு விட்ட ரப்பர் தெரிந்தால் அப்போதே புதுசு போடுங்கள், விலை அதிகமில்லை. பழைய செட்டை ஒரே துண்டாக இறக்கப் பார்க்காதீர்கள். பின்பக்க அச்சுக்கு மேலே ஏறிப் போகிற வளைவு மாட்டிக்கொள்ளும். அறுக்க வேண்டியிருந்தால் அளந்து, இரண்டு முறை அளந்து, நேரான பகுதியில் அறுக்கச் சொல்லுங்கள்.

புதுசை மாட்டும்போது எந்த கிளாம்பையும் முதலில் முறுக்கி இறுக்காதீர்கள். எல்லாவற்றையும் விரலால் திருகித் தொங்கவிடுங்கள். முன்பக்க இணைப்பில் புது கேஸ்கெட். பிறகு டிப்பைப் பம்பரில் நடுவாக நிறுத்தி, அந்த நிலையில் முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டே வாருங்கள்.

இடைவெளி பார்ப்பதில்தான் அனுபவம் தெரியும். ஸ்டெயின்லெஸ் குழாய் சூட்டில் நீளும். மூன்று மீட்டர் நீளமுள்ள செட்டு சராசரியாக 250 டிகிரி சூடு ஏறினால் 13 மி.மீ. வரை நீளும். ஆறிய வண்டியில் ஒரு விரல் இடம் விட்டால் ஓடும்போது அது அரை விரல்கூட இருக்காது. பம்பர், பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்க், ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் லைன் எல்லாவற்றிலிருந்தும் 20 மி.மீ. தள்ளியே இருக்கட்டும். வெப்பத்தைத் தடுக்கும் அலுமினியத் தகடுகளை ‘கடகடங்குது’ என்று பிடுங்கி எறிகிறவர்கள் உண்டு; டேங்குக்குப் பக்கத்தில் அது இல்லாமல் வண்டியை எடுக்கவே கூடாது. இந்த வண்டிகளில் பின்பக்க பீம் மேலும் கீழும் ஆடும் என்பதையும் மறக்க வேண்டாம். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது ஒரு தடவை, தரையில் இறக்கிப் பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து ஒரு தடவை, டார்ச் அடித்துப் பாருங்கள்.

கசிவை அடைக்க சிலிகான் பேஸ்ட் தடவுவது நம் பட்டறைகளின் கைப்பழக்கம். ஆக்சிஜன் சென்சருக்கு அது விஷம். சென்சருக்கு ஆகும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் விடுங்கள். அதைவிட, ஒழுங்காகப் பொருந்துகிற கேஸ்கெட் போட்டால் பேஸ்ட்டே வேண்டாம்.

ஸ்டார்ட் செய்தபின்

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒருவர் கனமான துணியால் டிப்பைச் சில நொடி அடைக்கட்டும். இணைப்புகளில் எங்காவது ‘புஸ்’ என்றால் அங்கே கசிவு. ‘டிக் டிக்’ என்று இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து வருகிற சத்தமும் அதேதான். பெரும்பாலும் முன்பக்க ஃபிளாஞ்சில் இருக்கும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் என்றாலும் கசிவை அலட்சியம் செய்யாதீர்கள். அடியிலிருந்து கேபினுக்குள் புகுகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

முதல் ஓட்டத்தில் சின்னதாகப் புகையும் எண்ணெய் கருகும் வாடையும் வரும்; குழாயில் ஒட்டியிருந்த எண்ணெய், கைரேகை எல்லாம் எரிகிறது. அரை மணி நேரத்துக்குப் பிறகும் நிற்கவில்லையென்றால் ஏதோ உருகுகிறது, நிறுத்திப் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடி ஆறியதும் எல்லா கிளாம்பையும் ஒரு தடவை இறுக்குங்கள். பிறகு புகைச் சோதனைச் சான்றிதழ் புதிதாக எடுத்துவிடுங்கள். கன்வெர்ட்டர் அப்படியே இருந்தால் அதில் பயமில்லை.

டவுன்பைப் பற்றி இரண்டு வார்த்தை

நண்பர்கள் விடமாட்டார்கள், அதனால் சொல்கிறேன். டிராக்குக்கு மட்டும் ஓடுகிற வண்டி என்றால் டவுன்பைப்பும் ரீமேப்பும் சேர்ந்தே வர வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு ஈசியூவை அப்படியே விட்டால், சில வண்டிகளில் சின்ன வேஸ்ட்கேட்டால் புகையைத் திருப்பிவிட முடியாமல் பூஸ்ட் இலக்கைத் தாண்டி ஏறும். கன்வெர்ட்டர் இல்லையென்றால், அது வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 கோடோடு செக் இன்ஜின் விளக்கு எரியும். அதை ஏமாற்ற இரண்டாவது சென்சருக்குக் கீழே ஒரு ஸ்பேசர் வைக்கிற தந்திரத்தை விற்பார்கள். ரோட்டு வண்டியில் அதைச் செய்தவர் மேலே சொன்ன பிரிவுகளை இன்னொரு தடவை படிக்க வேண்டும். போலோவின் டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் வரைதான் தாங்கும் என்று வடிவமைக்கப்பட்டது. ரீமேப் செய்கிறவர் அந்த எண்ணைத் தெரிந்தவரா என்று கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

கடைசியாக, கழற்றிய பழைய செட்டைப் பட்டறையில் விட்டு வராதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்து, நுனிகளைத் துணியால் அடைத்து, மொட்டை மாடியில் மழை படாத மூலையில் வையுங்கள். வண்டியை விற்கும்போதும், பெயர் மாற்றத்துக்கு ஆர்டிஓ ஆபீஸ் போகும்போதும் அதுதான் வண்டியில் இருக்க வேண்டும். கன்வெர்ட்டரோடு சேர்ந்த துண்டு என்றால் இரட்டைக் கவனம்: உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. ‘பழைய இரும்புதானே சார், நானே போட்டுக்கறேன்’ என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால், அவருக்கு அதன் விலை நன்றாகத் தெரியும்.